சீன நண்பருக்கு ஆங்கில மரபுத்தொடர் சொல்லிக்கொடுப்பது எப்படி?

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: "எங்கள் அலுவலகத்துக்கு ஷென்யாங்கிலிருந்து ஒரு பொறியாளர் வந்திருக்கிறார். ஆங்கில மரபுத்தொடர்களைச் சொல்லிக்கொடு என்று என்னைக் கேட்கிறார். சொற்கள் ஏராளமாகத் தெரிகின்றன, ஆனால் மீட்டிங்கில் வாய் திறப்பதில்லை. எங்கே ஆரம்பிப்பது? இணையத்தில் கிடைக்கும் நூறு தொடர் பட்டியல் ஒன்றைக் கொடுத்தால் போதுமா? சீனப் பழமொழியை அப்படியே மொழிபெயர்த்து அவர் பேசலாமா?"

பட்டியல் வேண்டாம். அது அவரிடம் ஏற்கெனவே இருக்கும், உங்களுடையதைவிட நீளமாகவே இருக்கும். நான் ஏழெட்டு வருடம் சீன மாணவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவன். பெரும்பாலும் வேலைக்குப் போகிறவர்கள், சாயங்கால வகுப்பு. மரபுத்தொடர் தெரியாமல் திணறியவர்கள் அதில் குறைவு. 'இதே தொடர் எங்கள் மொழியிலும் இருக்கிறதே' என்று நம்பி மாட்டிக்கொண்டவர்கள்தான் அதிகம்.

ஒன்றைச் சொல்கிறேன். வகுப்பில் ஒருவர் இயந்திர உதிரிப்பாகம் ஏற்றுமதி செய்யும் இடத்தில் வேலை. வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு அவர் எழுதிய மின்னஞ்சலைக் காட்டினார். சரக்கு சொன்ன தேதிக்கு வந்துவிடும், 'வீ வில் நெவர் ஈட் அவர் வேர்ட்ஸ்' என்று முடித்திருந்தார். சீனத்தில் 'ஷி யென்' என்று ஒரு சொல் உண்டு. வார்த்தையைத் தின்பது என்று பொருள். கொடுத்த வாக்கை மீறுவதற்கு அதைச் சொல்வார்கள். ஆக, அவர் எழுத நினைத்தது 'வாக்குத் தவறமாட்டோம்'. ஆனால் ஆங்கிலத்தில் தன் வார்த்தையைத் தின்பவன், தான் சொன்னது தப்பு என்று தலைகுனிந்து ஒத்துக்கொள்பவன். வாடிக்கையாளர் படித்தது 'தப்பே ஆனாலும் ஒத்துக்கொள்ளமாட்டோம்'. இலக்கணத்தில் ஒரு பிழை கிடையாது, எழுத்துப் பிழையும் கிடையாது. எந்த மென்பொருளும் இதில் சிவப்புக் கோடு போடாது.

உங்கள் நண்பருக்கு முதலில் தேவைப்படுவது இந்தப் போலி இரட்டைகள். இரண்டு மொழியிலும் ஒரே படம், ஆனால் வேறு வேறு பொருள். ஒருவர் இன்னொருவரின் காலை இழுக்கிறார் என்று வையுங்கள். ஆங்கிலத்தில் அது சும்மா கேலி. சீனத்தில் 'பின்னங்காலை இழுப்பது' என்றால் முன்னேறவிடாமல் தடுப்பது. நம் ஊரில் காலை வாரிவிட்டான் என்றால் நம்பவைத்துக் கவிழ்த்துவிட்டான். ஒரே காலுக்கு மூன்று கதி. கை கழுவுவதும் அப்படித்தான். ஆங்கிலத்தில் ஒரு விஷயத்தில் கை கழுவுவது பொறுப்பை உதறுவது, தமிழிலும் அதேதான். சீனத்தில் கையைக் கழுவிவிட்டு விலகுகிறவன், பழைய திருட்டுத் தொழிலை விட்டுத் திருந்துகிறவன். 'ஐ வாஷ்ட் மை ஹேண்ட்ஸ் ஆஃப் இட்' என்று நீங்கள் சொன்னால், இவர் இதற்கு முன்னால் என்ன செய்துகொண்டிருந்தாரோ என்று அவர் யோசிக்கக்கூடும்.

இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது 'சைல்ட்ஸ் ப்ளே'. ஆங்கிலத்தில் அது மிகச் சுலபமான வேலை. சீனத்தில் பிள்ளை விளையாட்டு என்பது கருத்தாக எடுத்துக்கொள்ள வேண்டிய விஷயத்தை அலட்சியமாக நடத்துவது. 'மேரேஜ் இஸ் நாட் சைல்ட்ஸ் ப்ளே' என்று ஒரு பெண் வகுப்பில் சொன்னார். கல்யாணம் விளையாட்டுக் காரியம் இல்லை என்பது அவர் எண்ணம். கேட்டவர்கள் 'கல்யாண வாழ்க்கை கஷ்டம்' என்று புரிந்துகொண்டு தலையாட்டினார்கள். இரண்டும் உண்மை என்பதால் பிழை வெளியே வரவே இல்லை. இப்படி யாருக்கும் தெரியாமலே தப்பாகிப்போகும் தொடர்தான் வருடக்கணக்கில் ஒருவரோடு ஒட்டிக்கொண்டிருக்கும்.

பாலம், படகு கதையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். ஆங்கிலத்தில் 'பர்னிங் யுவர் பிரிட்ஜஸ்' என்று கேட்டதும் சீனருக்கு இரண்டு தொடர்கள் மனதில் ஓடும். ஒன்று, ஆற்றைக் கடந்ததும் பாலத்தைப் பிரித்துப்போடுவது. அது நன்றிகெட்டவனுக்குச் சொல்வது, நம் 'ஏறிய ஏணியை எட்டி உதைப்பது'. இன்னொன்று, அண்டாவை உடைத்துப் படகை மூழ்கடிப்பது. கி.மு. 207-இல் ஜூலு போரில் சியாங் யூ என்ற தளபதி, ஆற்றைக் கடந்ததும் படகுகளை மூழ்கடித்து, சமையல் பாத்திரங்களை உடைத்து, மூன்று நாள் உணவை மட்டும் கையில் கொடுத்துத் தன் படையைச் சண்டைக்கு அனுப்பினார், ஜெயித்தார். அதனால் அந்தத் தொடர் புகழ்ச்சி. வேலையை விடப்போகும் ஒருவரிடம் நீங்கள் 'டோன்ட் பர்ன் யுவர் பிரிட்ஜஸ்' என்றால், நீங்கள் சொல்வது 'உறவை முறித்துக்கொண்டு போகாதே, நாளைக்குத் தேவைப்படும்'. அவர் முதல் தொடரை நினைத்தால், என்னை நன்றிகெட்டவன் என்கிறாரா என்று முகம் சுருங்கும். இரண்டாவதை நினைத்தால், என் தைரியத்தைக் குறை சொல்கிறாரா என்று குழம்புவார். இப்படி ஒரு தொடரை எடுத்து அரைமணி நேரம் பேசினாலே போதும், பட்டியலில் முப்பது தொடரைக் கடப்பதைவிட அதில் லாபம் அதிகம்.

நேர்மாறாகப் போகிற ஜோடியும் உண்டு. ஆடு போன பிறகு பட்டியை அடைப்பது என்று சீனத்தில் ஒரு தொடர். குதிரை ஓடிய பிறகு லாயத்தைப் பூட்டுவது என்று ஆங்கிலத்தில் ஒன்று. பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கிறது. ஆனால் ஆங்கிலக்காரர் அதைச் சொல்வது 'இனிமேல் என்ன பிரயோஜனம்' என்று. நம் 'கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்' அதே ஜாதி. சீனத் தொடரோ 'இப்போதாவது அடைத்தாயே, இன்னும் நேரம் போகவில்லை' என்று சொல்கிறது. பழங்காலச் சீனாவில் சூ நாட்டு மன்னர் சின் நாட்டிடம் தலைநகரை இழந்த பிறகு, முன்பு அலட்சியப்படுத்திய ஆலோசகரைத் திரும்ப அழைத்து என்ன செய்யலாம் என்று கேட்க, அவர் சொன்ன ஆறுதல் அது. பழைய நூலில் 'ஆடு போன பின் பட்டியை அடைத்தாலும் தாமதமில்லை' என்றே வருகிறது. போன ஆடு போகட்டும், மிச்ச ஆடுகளைப் பார் என்பதுதான் அதன் சாரம். ஆங்கிலத் தொடரில் இருந்தது ஒரே ஒரு குதிரை, அதுவும் போய்விட்டது. இதைச் சொல்லிக் காட்டினால் உங்கள் நண்பர் ஆயுளுக்கும் மறக்கமாட்டார்.

சரி, ஒத்துப்போகிறவையே இல்லையா? இருக்கின்றன, அவை ஒரு நாள் வேலை. இரும்பு சூடாக இருக்கும்போதே அடி என்பது இரண்டு மொழியிலும் அச்சு அசல் ஒன்று. முதலைக் கண்ணீர், பனிப்பாறையின் நுனி, கறுப்புக் குதிரை, தந்தக் கோபுரம், தேன்நிலவு எல்லாம் மேற்கிலிருந்து சீனத்துக்கு மொழிபெயர்த்துப் போனவை, அங்கே இப்போது சொந்தச் சரக்கு மாதிரி புழங்குகின்றன. வேடிக்கை என்னவென்றால் சில இடங்களில் சீனமும் தமிழும் ஒரு பக்கம், ஆங்கிலம் வேறு பக்கம். நம் கிணற்றுத் தவளை, பழைய சீன ஞானி ஜுவாங்சியின் கதையில் அப்படியே இருக்கிறது. கடலிலிருந்து வந்த ஆமையிடம் அந்தத் தவளை தன் கிணற்றைப் பற்றிப் பீற்றிக்கொள்கிறது. ஆங்கிலத்தில் அதற்குத் தவளையே கிடையாது. இன்னும் சில இடங்களில் நாமும் ஆங்கிலமும் ஒன்று. நாம் புலி வாலைப் பிடிக்கிறோம், ஆங்கிலக்காரரும் வாலையே பிடிக்கிறார், சீனர் மட்டும் புலி முதுகில் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க முடியாமல் தவிக்கிறார். பணத்தை நாமும் ஆங்கிலேயரும் தண்ணீராய்ச் செலவழிக்கிறோம், சீனர் பொன்னை மண்ணாக இறைக்கிறார். நீங்கள் தமிழராக இருப்பது இதில் உங்களுக்கு நல்ல வசதி. மூன்றாவது ஆளாக நின்று 'எங்கள் ஊரில் இப்படி' என்று சொல்ல முடியும். மூன்று மொழி மேசைமேல் வந்துவிட்டால், ஆங்கிலம் சரி, என் மொழி தப்பு என்ற கூச்சம் அவருக்குப் போய்விடும்.

இப்போது உங்கள் நண்பர் மீட்டிங்கில் ஏன் வாய் திறப்பதில்லை என்பதற்கு வருகிறேன். கூச்சம் ஒரு காரணம்தான். 'ஊமை ஆங்கிலம்' என்று சீனர்களே இதற்குப் பேர் வைத்திருக்கிறார்கள், படிக்கத் தெரியும், பேச வராது. ஆனால் மரபுத்தொடர் விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது, அதைப் பாடப்புத்தகங்கள் பேசுவதே இல்லை. சீனத்தில் 'செங்யூ' என்று சொல்லப்படும் தொடர்கள் பெரும்பாலும் நான்கே எழுத்து. பல தொடர்களுக்குப் பின்னால் பழைய இலக்கியமோ சரித்திரமோ இருக்கும். அவற்றைப் பயன்படுத்துவது படித்தவரின் அடையாளம். பள்ளிக் கட்டுரையில் நல்ல செங்யூ விழுந்தால் ஆசிரியர் மெச்சுவார். நமக்குப் பொருத்தமான இடத்தில் ஒரு குறளை எடுத்துவிடுவது போல. ஆங்கில மரபுத்தொடர் அந்த உயரத்தில் இல்லை. அது பெரும்பாலும் பேச்சுக்குச் சொந்தம், டீக்கடை பெஞ்சுக்கு, அலுவலக லிஃப்ட்டுக்கு. 'அல்வா கொடுத்துவிட்டான்' எந்த இடத்தில் வருமோ அந்த இடம். கட்டுரையில் அடுக்கினால் படிக்கிறவருக்குத் தேய்ந்த நாணயமாகத் தெரியும்.

சீன மாணவர் இதைத் தலைகீழாகக் கற்றுக்கொண்டு வருகிறார். தேர்வுக் கட்டுரையை 'எவ்ரி காய்ன் ஹேஸ் டூ சைட்ஸ்' என்று ஆரம்பிப்பார், அப்படி ஆரம்பிக்காத சீனக் கட்டுரையைப் பார்ப்பது அரிது என்று ஆசிரியர்கள் சிரித்துக்கொள்வோம். பேச்சில் ஒரு தொடர் இயல்பாக வரவேண்டிய இடத்தில், குறள் சொல்ல எழுந்து நிற்பவர் போல, சரியாகச் சொல்ல வேண்டுமே என்று பயந்து சும்மா இருந்துவிடுவார். நீங்கள் செய்ய வேண்டியது அவருடைய தொடர்களின் எண்ணிக்கையைக் கூட்டுவது இல்லை, அந்தஸ்தைக் குறைப்பது. 'கால் இட் எ டே' (இன்றைக்கு இத்தோடு முடித்துக்கொள்வோம்), 'ப்ளே இட் பை இயர்' (போகப்போகப் பார்த்துக்கொள்வோம்), 'பால்பார்க் ஃபிகர்' (உத்தேசக் கணக்கு), இந்த மாதிரி அலுவலகத்தில் தினமும் காதில் விழுகிற பத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் யார் யாரிடம் சொல்வார்கள், யாரிடம் சொன்னால் மரியாதையாக இருக்காது என்று பேசுங்கள். கடைசி தொடரில் பேஸ்பால் மைதானம் இருக்கிறது என்பதைச் சொல்லலாம், சொல்லாவிட்டாலும் பாதகமில்லை. 'உத்தேசமாக எவ்வளவு' என்று கேட்கத் தெரிந்தால் சரி.

பூனையும் நாயும் மழையாகப் பொழிவதை விட்டுவிடுங்கள். சீனப் பள்ளிக்கூடங்களில் அது முதல் மரபுத்தொடராகவே குடியேறிவிட்டது, உயிரோடு இருக்கும் ஆங்கிலேயர் வாயில் அபூர்வமாகத்தான் வரும். அதற்குப் பதிலாக 'இட்ஸ் போரிங் டவுன்' போதும். ஊற்றுகிறது. சீனத்திலும் பெருமழையை அண்டாவைக் கவிழ்த்தாற்போல என்றுதான் சொல்வார்கள், படம் தானாகப் பொருந்திவிடும்.

அப்புறம், சொற்கள். நண்பருக்கு ஏராளமாகத் தெரியும் என்கிறீர்கள், நம்புகிறேன். சீனக் கல்லூரி மாணவர்கள் 1987-இல் தொடங்கிய கல்லூரி ஆங்கிலத் தேர்வுக்காக, நான்காம் படிக்கே நாலாயிரத்துக்கு மேல் சொற்களை மனப்பாடம் செய்கிறார்கள். அகர வரிசையில் அச்சிட்ட சொல் புத்தகங்கள் பலவற்றில் முதல் சொல் 'அபேண்டன்', கைவிடு. முதல் பக்கத்தைத் திறக்கிறோம், கைவிடு என்று படிக்கிறோம், கைவிட்டுவிடுகிறோம் என்பது அங்கே பரம்பரை ஜோக். ஒரு சொல், ஒரு சீன அர்த்தம், அடுத்த சொல். இதில் குறை என்னவென்றால் சொற்கள் தனித்தனியாக வந்து சேர்கின்றன, எந்தச் சொல் எதோடு சேரும் என்பது வருவதில்லை.

ஆங்கிலத்தைச் சொல் சொல்லாகத் தன் மொழி வழியே படிக்கும் பழக்கம் புதிதில்லை. 1862-இல் தாங் டிங்ஷூ என்பவர் குவாங்சோவில் வெளியிட்ட ஆங்கிலப் பாடநூலில் ஆங்கிலச் சொற்களின் ஒலியைச் சீன எழுத்துகளிலேயே எழுதிக்காட்டினார், அந்த வட்டாரத்துக் கான்டனீஸ் மொழி உச்சரிப்பில். ஷாங்காயில் பிரிட்டிஷ் பகுதிக்கும் பிரெஞ்சுப் பகுதிக்கும் நடுவே யாங்ஜிங்பாங் என்று ஒரு ஓடை இருந்தது. அதன் கரையில் வியாபாரிகளும் தரகர்களும் பேசிய உடைந்த ஆங்கிலத்துக்கும் அதே பேர் வந்தது. ஓடையை 1914, 1915 வாக்கில் தூர்த்துச் சாலையாக்கிவிட்டார்கள், இன்று அது யான்ஆன் கிழக்குச் சாலை. பேர் மட்டும் மொழியியல் நூல்களில் பிழைத்துக்கிடக்கிறது. நிங்போ வட்டார வழக்கில் அதைக் கற்றுக்கொள்ள ஒரு பாட்டே உண்டு: 'வா என்றால் காங்மு, போ என்றால் கு' என்று போகும். கம், கோ. நம் ஊரில் 'முப்பது நாளில் ஆங்கிலம்' புத்தகங்களில் தமிழ் எழுத்தில் ஆங்கிலம் படித்த தலைமுறைக்கு இது புதுசாக இருக்காது.

எந்தச் சொல் எதோடு சேரும் என்ற சொற்சேர்க்கை எங்கே உதைக்கிறது என்று காட்டுகிறேன். சீனத்தில் மழை பெரிது, ஆங்கிலத்தில் மழை கனம். நாம் பெருமழை என்றும் சொல்வோம், கனமழை என்றும் சொல்வோம், பிரச்சினை இல்லை. சீனத்தில் டீ அடர்த்தி, ஆங்கிலத்தில் ஸ்ட்ராங். சீனத்தில் விளக்கைத் திறக்கிறார்கள், அதனால் 'ஓபன் தி லைட்' வருகிறது. மருந்தைத் தின்கிறார்கள். நாமும் மாத்திரை சாப்பிடுகிறோம், ஆனால் ஆங்கிலத்தில் எடுத்துக்கொள்ள வேண்டும். புத்தகம், டிவி, சினிமா, டாக்டர் எல்லாவற்றுக்கும் சீனத்தில் ஒரே வினை, 'பார்'. ஆங்கிலம் வேறு வேறு வினை கேட்கிறது. அறிவைக் 'கற்பது' சீனத்தில் சாதாரணம், 'லேர்ன் நாலெட்ஜ்' என்று எழுதினால் ஆங்கிலக் காதுக்கு உறுத்தும். என் மாணவர் ஒருவர் காதலியைப் பற்றி எழுதும்போது 'ஷி ஹேஸ் பியூட்டிஃபுல் பிளாக் ஐஸ்' என்று எழுதினார். கருவிழி அழகி என்று சொல்ல ஆசை. ஆங்கிலத்தில் 'பிளாக் ஐ' என்பது குத்து வாங்கிக் கன்றிய கண். 'டார்க் ஐஸ்' என்று திருத்தினேன், ஏன் என்று சொன்னபோது வகுப்பே சிரித்தது, அவர் மட்டும் கொஞ்ச நேரம் சிரிக்கவில்லை.

நிறங்கள் என்றாலே இந்த ஆபத்து உண்டு. பொறாமைக்குச் சீனத்தில் கண் சிவக்கும், ஆங்கிலத்தில் பச்சையாகும். பச்சைத் தொப்பி போட்டவன் என்றால் சீனத்தில் மனைவியால் ஏமாற்றப்பட்டவன், ஆகவே பச்சைத் தொப்பியைப் பரிசாகக் கொடுத்துவிடாதீர்கள். பங்குச் சந்தைத் திரையில் சீனாவில் சிவப்பு ஏற்றம், பச்சை இறக்கம். அலுவலகத்தில் வரைபடம் காட்டும்போது இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

எழுத்துக்கு எழுத்து மாற்றினால் என்ன ஆகும் என்பதற்குச் சீனாவின் அறிவிப்புப் பலகைகளே சாட்சி. 'ஜாக்கிரதை, தரை வழுக்கும்' என்று நான்கு எழுத்து. மூன்றாவது எழுத்து தரை. அதே எழுத்து இன்னொரு உச்சரிப்பில் நம் 'ஆக' விகுதியின் வேலையையும் செய்யும். அப்படி எடுத்துக்கொண்டால் 'ஜாக்கிரதையாக வழுக்கவும்'. அதைத்தான் பலகையில் ஆங்கிலத்தில் எழுதிவைத்தார்கள். 2008 ஒலிம்பிக்கை ஒட்டி பெய்ஜிங்கில் இதையெல்லாம் தேடித் தேடித் திருத்தினார்கள், 2017 டிசம்பரில் பொது இட ஆங்கிலத்துக்கென்று தேசிய அளவில் ஒரு தரநிலையே நடைமுறைக்கு வந்தது.

இனி நான் உண்மையிலேயே முக்கியமாக நினைப்பது. 'அப்', 'அவுட்', 'டவுன்' ஒட்டிக்கொண்ட சின்ன வினைகள். மீட்டிங்கில் பேசப்படும் ஆங்கிலத்தில் பாதி எரிச்சல் இதில்தான். சீனர்கள் இவற்றைத் தவிர்க்கிறார்கள் என்று 2004-இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. இடைநிலை மாணவர்கள் 'கிவ் அப்' மாதிரித் தொடரைவிட ஒற்றைச் சொல் வினையையே எடுத்துக்கொண்டார்கள், மேல்நிலைக்குப் போனவர்களிடம் அந்தத் தயக்கம் பெரும்பாலும் போயிருந்தது. விசித்திரம் என்னவென்றால் சீனத்தில் இதே அமைப்பு உயிரோடு இருக்கிறது. வினைக்குப் பின்னால் ஒரு திசைச் சொல்லோ முடிவுச் சொல்லோ ஒட்டுவார்கள். 'யோங் வான்' என்றால் பயன்படுத்தி முடி, அது 'யூஸ் அப்'. 'ச்சி வான்', சாப்பிட்டு முடி, அது 'ஈட் அப்'. 'ச்சி லாய்' என்றால் எழுந்து வருவது. அது ஒட்டினால் எழுந்து நிற்கலாம், சூடாகத் தொடங்கலாம், மனம் தெளிந்து உற்சாகமாகலாம். 'ஸ்டாண்ட் அப்', 'ஹீட் அப்', 'சியர் அப்'. 'ஷியா லாய்' இறங்கி வருவது. 'ஸ்லோ டவுன்', 'காம் டவுன்', 'ரைட் டவுன்' மூன்றுக்கும் சீனத்தில் அதுவே வரும். 'ச்சூ லாய்' வெளியே வருவது. யோசித்து வெளியே கொண்டுவந்தால் 'ஃபிகர் அவுட்'.

இதை முதல் முறை பலகையில் எழுதியபோது முன்வரிசையில் இருந்த ஒரு கணக்காளர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு 'பத்து வருஷமாக ஏன் யாரும் சொல்லவில்லை' என்று கேட்டார். எல்லா இடத்திலும் பொருந்தாது, அதையும் உடனே சொல்லிவிடுங்கள். தொடர்ந்து பேசு என்பதற்குச் சீனத்தில் 'பேசி இறங்கிப் போ' என்ற அமைப்பு, ஆங்கிலத்தில் 'கோ ஆன்'. அங்கே கீழே போகிறது, இங்கே முன்னால் போகிறது. ஆனாலும் ஆங்கிலத்தின் இந்த வால்கள் வெறும் குறும்பு இல்லை, தன் மொழியிலும் இருக்கும் ஒரு பழக்கம் என்று தெரிந்துவிட்டால் பயம் பாதி குறையும். நமக்கு இது புரிவதில் சிரமம் இல்லை. சொல்லிவிடு, சொல்லிக்கொடு, சொல்லிவை, சொல்லிப்பார் என்று நாமும் ஒரே வினைக்குப் பின்னால் ஆள் வைத்துத்தானே வேலை வாங்குகிறோம்.

பெரிய சொற்களுக்கும் இப்படி ஒரு குறுக்குவழி உண்டு. சீனத்தில் நிமோனியா என்பது 'நுரையீரல் அழற்சி', இரண்டே எழுத்து, சின்னக் குழந்தைக்கும் என்ன உறுப்பு என்று தெரியும். ஆங்கிலத்தில் அதற்கு ஒரு கிரேக்கச் சொல்லை விழுங்க வேண்டும், அதுவும் முதல் எழுத்து ஒலிக்காது. பன்றிக்கு ஒரு சொல், அதன் இறைச்சிக்கு வேறு சொல் என்று ஆங்கிலம் வைத்திருப்பதை என் மாணவர்கள் அநியாயம் என்றே சொல்வார்கள். நார்மன்கள் கொண்டுவந்த பிரெஞ்சின் கைங்கரியம் அது. ஆனால் கிரேக்க வேர்களைச் சீன எழுத்துகள் மாதிரிப் பிரித்துக்காட்டினால் அவர்கள் நம்மைவிட வேகமாகப் பிடிப்பார்கள். நீர்யானைக்குச் சீனப் பேர் 'ஆற்றுக் குதிரை'. 'ஹிப்போ' குதிரை, 'பொட்டமஸ்' ஆறு. கிரேக்கனும் சீனனும் அதைக் குதிரையாகப் பார்த்தார்கள், நாம்தான் யானையாகப் பார்த்தோம். டைனோசர் என்றால் பயங்கரப் பல்லி, சீனத்தில் அது 'பயங்கர டிராகன்'. டெலஸ்கோப் தொலைவைப் பார்க்கும் கண்ணாடி, மைக்ரோஸ்கோப் நுண்மையைக் காட்டும் கண்ணாடி. தொலைநோக்கி, நுண்நோக்கி என்று நாம் செய்ததும் அதே வேலை. பொறியாளர் என்பதால் உங்கள் நண்பருக்கு இது இன்னும் சுலபமாகப் போகும்.

கடைசிக் கேள்வி, சீனத் தொடரை மொழிபெயர்த்துப் பேசலாமா. தாராளமாக, கூடவே ஒரு வரிக் கதையும் சொன்னால். பாம்புக்குக் கால் வரைவது என்று சும்மா சொன்னால் யாருக்கும் புரியாது. ஒரு கோப்பை மது, குடிக்க ஆள் பல பேர், பாம்பை முதலில் வரைந்து முடிப்பவருக்கே மது என்று பந்தயம், முதலில் முடித்தவன் நேரம் இருக்கிறதே என்று கால் வரைய உட்கார்ந்தான், அதற்குள் அடுத்தவன் முடித்து, 'பாம்புக்கு ஏது கால்' என்று கோப்பையைப் பிடுங்கிக்கொண்டான். தேவையில்லாத அம்சங்களைச் சேர்த்துக்கொண்டே போகும் மென்பொருள் திட்டத்தில் இதை ஒரு முறை சொல்லிப்பார்க்கச் சொல்லுங்கள். வாய் திறக்காதவர் வாய் திறக்க இதைவிட நல்ல சாக்கு கிடையாது.

ஆங்கிலம் சீனத்திடம் கடன் வாங்கியதும் கொஞ்சமில்லை. 'லூஸ் ஃபேஸ்', முகம் இழப்பது, அதாவது மானம் போவது, அங்கிருந்து வந்தது. பார்க்கப் பயங்கரம், உள்ளே பலமில்லாதவன் என்ற பொருளில் வரும் காகிதப் புலி பழைய சீனத் தொடர், 1946-இல் மாவோ ஓர் அமெரிக்கப் பத்திரிகையாளரிடம் பேட்டியில் சொன்ன பிறகு உலகம் முழுக்கப் போனது. உற்சாகப்படுத்தும் 'ஆட் ஆயில்' 2018-இல் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியில் ஏறிவிட்டது. சிங்கப்பூரில் அதை நீங்களே கேட்டிருப்பீர்கள். ஆனால் 'கங் ஹோ' என்று ஒரு சொல் இருக்கிறதே, அதை உங்கள் நண்பரிடம் சொல்லிப்பாருங்கள். 1930-களின் கடைசியில் தொடங்கிய சீனத் தொழில் கூட்டுறவுகளின் சுருக்கப் பேர் அது. அமெரிக்க மரைன் படை அதிகாரி எவன்ஸ் கார்ல்சன் அதை எடுத்துக்கொண்டு, இரண்டாம் உலகப் போரில் தன் படையின் முழக்கமாக ஆக்கினார். இன்று ஆங்கிலத்தில் அதற்கு அளவுக்கு மீறிய ஆர்வத்தோடு குதிப்பவர் என்று பொருள். என் வகுப்பில் ஒருவருக்கும் அது சீனச் சொல் என்று தெரியவில்லை. பலகையில் இரண்டு சீன எழுத்துகளையும் எழுதிக்காட்டினேன். 'இது கூட்டுறவுச் சங்கமாயிற்றே' என்றார் ஒருவர்.